மேஜர் மட்டும் படிச்சா பட்டம் கிடைச்சிடுமா?

பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போகும் நண்பர்களே!

"நான் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி சேரப் போறேன். இனிமே தமிழ், இங்கிலீஷ் தொல்லை இல்லப்பா!" என்று நம் வகுப்பில் பலர் சொல்கிறார்கள். இது சரியா? பார்ப்போம்.

தமிழகத்தில் கலை, அறிவியல் இளங்கலைப் படிப்பு பொதுவாக ஐந்து பகுதிகள் கொண்டது.

பகுதி 1: தமிழ். இந்தி, பிரெஞ்சு போன்ற வேறு மொழியும் எடுக்கலாம்.

பகுதி 2: ஆங்கிலம்.

பகுதி 3: மேஜர் பாடமும் அதற்குத் துணையான அல்லைடு பாடங்களும். கெமிஸ்ட்ரி மாணவருக்குக் கணிதம், இயற்பியல் போன்றவை அல்லைடாக வரும்.

பகுதி 4: சுற்றுச்சூழல் கல்வி, மதிப்புக் கல்வி, வேறு துறைப் பாடம் ஒன்று. பள்ளியில் தமிழே படிக்காதவர்களுக்கு இங்கே 'அடிப்படைத் தமிழ்' உண்டு.

பகுதி 5: என்.எஸ்.எஸ்., என்.சி.சி., விளையாட்டு போன்ற பணிகள்.

சுற்றுச்சூழல் கல்வி எப்படி வந்தது தெரியுமா? எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம், எல்லா நிலைக் கல்வியிலும் இது இடம்பெற வேண்டும் என்றது. பல்கலைக்கழக மானியக் குழு எல்லா இளங்கலை மாணவருக்கும் ஆறு மாதப் பாடத்திட்டம் தந்தது.

பொறியியலுக்குப் போனாலும் தமிழ் கூடவே வரும்! அண்ணா பல்கலைக்கழகம் 2022-இல் 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்ற பாடங்களை முதலாண்டில் சேர்த்தது.

இதில் கவனிக்க வேண்டியது என்ன? பல பல்கலைக்கழகங்களில் பகுதி 3 மதிப்பெண்ணைத் தனியாகக் கணக்கிட்டு வகுப்பு தருகிறார்கள். அதனால்தான் 'பார்ட் ஒன்னுதானே, அப்புறம் பாத்துக்கலாம்' என்ற அலட்சியம் வருது. ஆனால் ஐந்து பகுதியும் முடித்தால்தான் பட்டம். மேஜரில் 90 வாங்கிட்டு தமிழில் ஒரே ஒரு அரியர் வச்சிருந்தாலும் பட்டம் இல்லை! எம்.எஸ்சி. சேர்வதும் வேலைக்கு விண்ணப்பிப்பதும் தள்ளிப்போகும். நம்மைப் படிக்க வைக்கக் கடன் வாங்கும் அப்பா அம்மாவுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு!

இன்னொன்று: 2021 டிசம்பர் அரசாணைப்படி, தமிழக அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாளில் குறைந்தது 40 விழுக்காடு வேண்டும். இல்லையென்றால் மற்றத் தாளைத் திருத்தவே மாட்டார்கள்.

ஞாபகம் வச்சுக்கோங்க:
★ சேர்ந்த உடனே பாடத்திட்டத்தை வாங்கிப் படியுங்கள்.
★ முதல் பருவ அரியரை அடுத்த தேர்விலேயே முடியுங்கள்.
★ மேஜர் ஒரு கண் என்றால் பொதுப் பாடம் இன்னொரு கண்!