பால்கனிக் கம்பியை வார்ப்பதா, வரைவதா?

சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ் விளையாட்டுக்குச் சொந்தமாகக் கட்டடம் செய்யத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் தடுமாறுவது பால்கனியில்தான். கம்பி கம்பியாக மாடல் செய்யலாமா, தட்டையான பலகையில் கம்பிப் படத்தை ஒட்டிவிடலாமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு முகம் கொண்ட ஒரு கம்பிக்கு 8 முக்கோணம். பால்கனிக்கு 30 கம்பி, கட்டடத்துக்கு 16 பால்கனி என்றால், கம்பிகளுக்கு மட்டுமே 3,840. ஆல்ஃபா மேப் (எது தெரிய வேண்டும், எது மறைய வேண்டும் என்று சொல்லும் படம்) போட்ட பலகையாக, உள்ளும் வெளியும் தெரியும்படி வைத்தால் மொத்தமே 64தான். குறையும் உண்டு: பக்கவாட்டில் பார்த்தால் பலகைக்குக் கனம் இராது, தூரத்தில் ஓரங்கள் மினுமினுக்கும்.

அந்தக் கட்டடம் நகரில் எத்தனை இடத்தில் நிற்கப்போகிறது என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். முக்கோணச் செலவு, திரையில் தெரியும் ஒவ்வொரு நகலுக்கும் விழும். டெக்ஸ்சர் கதை வேறு. ஒரு வீட்டை ஒன்று வைத்தாலும் ஐந்நூறு வைத்தாலும் அதன் டெக்ஸ்சர் நினைவகத்தில் ஒருமுறைதான் ஏறும். ஆனால் 2015இல் வந்த முதல் பாகத்தில், ஒன்றைக்கூட நகரில் வைக்காவிட்டாலும், தேர்வில் இருக்கும் கட்டடமெல்லாம் நகரம் திறக்கும்போதே ரேமில் இடம்பிடித்துவிடும்.

ஆகவே ஊருக்கு ஒன்றாக நிற்கும் தேவாலயத்துக்கோ ரயில் நிலையத்துக்கோ முக்கோணத்தைத் தாராளமாகச் செலவழிக்கலாம்; கம்பியை வார்த்தே விடுங்கள். தெருத்தெருவாகத் தானே முளைக்கும் குடியிருப்புகளுக்குப் பலகை. அவற்றை நான்கைந்து வகை செய்தால் எல்லாவற்றுக்கும் ஒரே டெக்ஸ்சரைப் பொதுவாக்குங்கள். லோடிங் ஸ்கிரீன் மாட் என்ற துணைநிரலை வைத்திருப்பவர்களுக்கு ஒரே மாதிரியான டெக்ஸ்சர்கள் ஒரு பிரதியாகவே ஏறும்.

டெக்ஸ்சர் அளவிலும் இதே இழுபறிதான். 2048க்கு 2048 படம், டிஎக்ஸ்டி5 முறையில் சுருக்கியபின் 4 எம்பி. 1024 என்றால் 1 எம்பி. முதல் பாகத்தில் தானே முளைக்கும் கட்டடத்தின் மனை அதிகபட்சம் நான்கு கட்டம், கட்டத்துக்கு 8 மீட்டர், ஆக 32 மீட்டர். அந்த முகப்பை 1024இல் விரித்தால் மீட்டருக்கு 32 புள்ளி கிடைக்கும், 1.2 மீட்டர் ஜன்னலுக்கு 38 புள்ளி சொச்சம். மேலிருந்து பார்க்க இது போதும். தெருவில் இறங்கிப் பார்ப்பவருக்குக் கலங்கும். 2048க்குத் தாவுமுன், 8 மீட்டர் அகலத் துண்டை மட்டும் வரைந்து திரும்பத் திரும்ப ஒட்டிப் பாருங்கள்: அதே 1024இல் மீட்டருக்கு 128 புள்ளி! எல்லா மாடியிலும் ஒரே கறை தெரியும் என்பதுதான் தொல்லை. இரண்டு ஏசி பெட்டியை ப்ராப்பாக, அதாவது தனிப் பொருளாக, வைத்தால் கண் ஏமாறும். ப்ராப்கள் தூரத்தில் மறைந்துவிடும் என்பதால், கட்டடத்தின் வெளிக்கோட்டை மட்டும் அவற்றை நம்பி விடாதீர்கள்.

பலரும் சோம்பல்படும் இடம் எல்ஓடி, அதாவது தூரத்தில் தெரியும் எளிய மாடல். நாம் கொடுக்காவிட்டால் விளையாட்டே ஒன்றைச் செய்துகொள்ளும். அது பெரும்பாலும் உருகிய மெழுகுபோல இருக்கும். கையால் ஐம்பது, நூறு முக்கோணத்தில் செய்வது அரை மணி நேர வேலை, நான் அதை ஒருபோதும் தவிர்ப்பதில்லை. எல்லாக் கட்டடங்களின் எல்ஓடி டெக்ஸ்சர்களும் ஒரே பெரிய தாளில் சேர்க்கப்படுவதால் 128 அளவோடு நிறுத்துங்கள். 2023 அக்டோபரில் இரண்டாம் பாகம் திணறியபடி வந்தபோது, குடிமக்களின் வாய்க்குள் பல்வரிசை முழுதாக வார்க்கப்பட்டிருந்ததும், தூரத்துக்கு எளிய மாடல் அவர்களுக்கு இல்லாததும் கேலிப்பொருளானது. விளையாட்டைச் செய்தவர்களே எல்ஓடியைக் கோட்டைவிட்டிருந்தார்கள்.

செய்து முடித்ததும் ஐம்பது நகலை வரிசையாக வைத்து, கேமராவை மெல்லப் பின்னால் இழுங்கள். எல்ஓடிக்கு மாறும் கணத்தில் கூரையின் நிறம் குதித்தால் எல்ஓடி டெக்ஸ்சரில் கூரையை மட்டும் மறுபடி வண்ணம் தீட்டுங்கள்.