ஆங்கிலத்தில் தனிப்பெயரை அறியும் முறை

சங்கத்தின் தீர்மானங்கள் தமிழில் எழுதப்படினும், பாங்குப் படிவங்களிலும் கடன் பத்திரங்களிலும் ஆங்கிலம் கலந்தே வருகின்றது. அவற்றைப் படிக்க முற்படும் அங்கத்தினருக்கு முதலில் மயக்கம் தருவது, சில சொற்கள் பெரிய எழுத்திலும் சில சிறிய எழுத்திலும் தொடங்குவதே. தமிழெழுத்தில் இப்பேதம் இல்லை. ஆங்கிலத்திலோ, ஒரு மனிதருக்கோ ஊருக்கோ ஸ்தாபனத்திற்கோ தனித்து இடப்பட்ட பெயர், வாக்கியத்தில் எங்கு வந்தாலும் பெரிய எழுத்தில் தொடங்கும். இதனை அவர்கள் ‘பிராப்பர் நௌன்’ என்பர். நாம் தனிப்பெயர் எனலாம்.

நன்னூல் கற்றவர்களே இவ்விடத்தில் அதிகம் தவறுகிறார்கள். மரம் என்பது பொதுப்பெயர், பனை என்பது சிறப்புப்பெயர் என்று அவர்கள் பாடம் கேட்டவர்கள். அந்த நினைவில் பனைக்குரிய ஆங்கிலச் சொல்லையும் பெரிய எழுத்தில் தொடங்கிவிடுகிறார்கள். ஆங்கில இலக்கணத்திற்குப் பனையும் பொதுப்பெயரே. நாட்டிலுள்ள எல்லாப் பனைகளுக்கும் அது ஒரே பெயராதலால். நெல், எள், எருமை, ரூபாய் யாவும் அவ்வாறே. தஞ்சாவூர், காவேரி என்பவை அப்படியல்ல. ஒரே கிராமத்தில் நான்கு முத்துசாமிகள் இருக்கலாமே எனில், இருக்கலாம். ஆயினும் முத்துசாமி என்றோர் இனம் கிடையாது. நால்வருக்கும் தனித்தனியே பெயரிட்டார்கள். ஆகவே அது தனிப்பெயரே.

கிழமைகளும் மாதங்களும் பெரிய எழுத்துப் பெறும்; கோடை, மாரி போன்ற பருவங்கள் பெறமாட்டா. இதற்குக் காரணம் தேடிப் பயனில்லை, வழக்கம் அவ்வாறு.

பொதுச் சொற்கள் பல கூடி ஒரு தனிப்பெயராவதும் உண்டு. இங்கிலாந்தில் 1844-ம் வருஷம் 28 பேர் கூடித் தொடங்கிய பண்டகசாலைச் சங்கத்தின் பெயர் ‘ராச்டேல் ஸொஸைட்டி ஆப் ஈக்விடபிள் பயனீர்ஸ்’ என்பது. இதில் ராச்டேல் என்னும் ஊர் ஒன்றே இயல்பாகத் தனிப்பெயர். சங்கம், நியாயமான, முன்னோடிகள் என்னும் பொருளுடைய மற்றவை எங்கும் வழங்கும் சொற்கள். எனினும் ஒரு ஸ்தாபனத்தின் பெயரில் அமைந்தபின் அவையும் பெரிய எழுத்துப் பெறுகின்றன. இடையிலுள்ள ‘ஆப்’ மட்டும் சிறிதாகவே நிற்கும். சென்னையில் 1904-ல் தோன்றிய திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தின் ஆங்கிலப் பெயரும் இம்முறையிலேயே எழுதப்படும்.

பத்திரங்களில் இது வெறும் எழுத்து விஷயமன்று. தொடக்கத்தில் ஒரு பாங்கின் முழுப் பெயரைக் கூறி, ‘இதன்கீழ் பாங்கு எனப்படுவது’ என்று எழுதியிருப்பின், பின்னர்ப் பெரிய எழுத்தில் வரும் ‘பாங்க்’ என்னும் சொல் அந்த ஒரு பாங்கையே குறிக்கும். சிறிய எழுத்தில் வருவது பெரும்பாலும் ஏதேனும் ஒரு பாங்கு என்று பொருள்படும். ‘ஸொஸைட்டி’ என்னும் சொல்லும் இவ்வாறே. கடன் யாருக்குப் பட்டது, ஜாமீன் யார்பால் செல்லும் என்பது சில சமயம் இவ்வேற்றுமையைப் பற்றியே நிற்குமாதலால், கையொப்பமிடுமுன் படித்துச் சொல்பவரிடம், அச்சொல் எந்த எழுத்தில் தொடங்குகிறதென்றும், அதற்குப் பொருள் எங்கே சொல்லப்பட்டிருக்கிறதென்றும் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

படிவம் முழுவதையும் பெரிய எழுத்தால் நிரப்பச் சொன்னால் மேற்படி அடையாளம் மறைந்துபோம். அப்போது பொருளைக்கொண்டே தனிப்பெயரை அறிதல் வேண்டும். அங்கத்தினர் பெயரைப் பொறுத்தவரை வேறொரு எச்சரிக்கையும் தேவை. பொதுப்பெயருக்கு அகராதி உண்டு, முத்துசாமிக்கு இல்லை. ‘எஸ்’ ஒன்றோ இரண்டோ, நடுவில் ‘டபிள்யூ’ உண்டோ இல்லையோ என்று ஒவ்வொரு குமாஸ்தாவும் ஒவ்வொரு விதமாக எழுதக்கூடும். பாஸ் புத்தகத்தில் ஒரு விதமும் பத்திரத்தில் மற்றொரு விதமும் இருப்பின், இரண்டும் ஒருவரே என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு அங்கத்தினர் தலையிலேயே விழும். முதலில் பதிவான எழுத்துக்களை ஒரு துண்டுக் காகிதத்தில் பெயர்த்தெழுதிப் பாஸ் புத்தகத்திலேயே வைத்துக்கொள்ளலாம்.