தன் ஆட்டத்திற்குத் தானே உரை காண்டல்

நூல் செய்த ஆசிரியரே அந்நூற்கு உரையும் வகுத்தல் நம் இலக்கண வரலாற்றில் உள்ள வழக்கமே. வைத்தியநாத தேசிகரின் இலக்கண விளக்கமும், சுப்பிரமணிய தீட்சிதரின் பிரயோக விவேகமும், சுவாமிநாத தேசிகரின் இலக்கணக் கொத்தும் அங்ஙனம் ஆசிரியரே உரை கண்ட நூல்கள். பிறர் உரை காணுமிடத்து, ஆசிரியர் கருத்து இதுவோ அதுவோ என்று ஐயுற நேரும். ஆசிரியரே உரை காணுமிடத்து அவ்வையம் இல்லை. ஆயினும் அங்கே வேறோர் இடர் உண்டு. தன் சொல்லிற் குற்றம் காணத் தன் கண் கூசும். இந்நலமும் இவ்விடரும் தான் ஆடிய சதுரங்க ஆட்டத்தைத் தானே ஆராய்வானுக்கும் ஒருங்கே உள. கடிதவழி ஆடிய ஆட்டத்தில் அவை பின்னும் தெளிவாய்ப் புலப்படும். அதனை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

கடிதவழிச் சதுரங்கமாவது, ஆடுவோர் இருவரும் ஒரு பலகையின் முன் எதிரெதிர் அமராது, தத்தம் இடத்திருந்தே காய் நகர்த்தலை எழுதியனுப்பி ஆடுவது. 1824 முதல் 1828 வரை இலண்டன் நகரத்துக் கழகமும் எடின்பரோ நகரத்துக் கழகமும் இவ்வாறு ஆடின. வெற்றி எடின்பரோவுக்கு, அப்போட்டியினின்றே ஸ்காட்லாந்துத் தொடக்கம் என்னும் பெயர் சதுரங்க நூல்களில் ஏறிற்று. 1951 இல் இவ்வாட்டத்திற்கென உலகக் கூட்டமைப்பொன்று எழுந்தது. அஞ்சலட்டை சென்ற வழியில் இன்று இணையம் செல்கின்றது. நகர்த்தல் நொடியிற் போய்ச் சேரினும், சிந்திக்கக் கிடைக்கும் காலம் முன்போலவே நாட்கணக்கினது.

நேரெதிர் அமர்ந்து ஆடுவோன் தன் எண்ணத்தை எழுதுதற்கில்லை. வேறு பலகையிற் காய்களை நகர்த்திப் பார்த்தற்கும் இல்லை. கடிதவழி ஆடுவோனுக்கோ இவ்விரண்டும் உரிமை. அவன் ஒரு பலகையை அருகில் வைத்துக் காய்களை நகர்த்திப் பார்க்கலாம். கண்ட வழிகளைக் குறித்து வைக்கலாம். தொடக்க நூல்களைப் புரட்டலாம். கணினியின் துணையைப் பொறுத்தவரை விதிகள் வேறுபடும். உலகக் கூட்டமைப்பு அதனை ஒப்புகின்றது. இணையத்துப் பொது ஆடுகளங்களோ ஆட்டம் முடியும் வரை அதனை விலக்குகின்றன. எங்ஙனமாயினும், ஆட்டம் முடிந்தபின் ஆடினவன் கையில் நகர்த்தற் பட்டியல் மட்டுமன்றிச் சிந்தனையின் சுவடும் எஞ்சி நிற்கும். இச்சுவடே தன்னுரைக்கு மூலம்.

இதற்குத் தக்க சான்று 1999 ஆம் ஆண்டில் இணையத்தில் நிகழ்ந்த ஓர் ஆட்டம். அக்காலத்து உலக வீரர் காரி கஸ்பரோவ் வெள்ளைக் காய்களை ஆடினார். கருப்புக் காய்களை ஆடினோர் எழுபத்தைந்துக்கு மேற்பட்ட நாடுகளினின்று வாக்களித்த ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்ட மக்கள். ஒவ்வொரு பக்கத்துக்கும் நகர்த்தலொன்றுக்கு 24 மணி நேரம். உலகத்தார்க்கு யோசனை கூற இளைஞர் நால்வர் அமர்த்தப்பட்டனர். அவருள் அமெரிக்கப் பெண்மணி ஐரீனா க்ரஷ் அப்போது பதினைந்து வயதினர். ஜூன் 21 இல் தொடங்கிய ஆட்டம் அக்டோபர் 22 இல், 62 ஆம் நகர்த்தலில், கஸ்பரோவின் வெற்றியாய் முடிந்தது. மறு ஆண்டிலேயே அவர் டேனியல் கிங் என்பாருடன் சேர்ந்து இவ்வோர் ஆட்டத்துக்கே ஒரு நூல் எழுதி வெளியிட்டார். அஃது ஆசிரியர் தாமே கண்ட உரை.

அவ்வாட்டத்தின் மூன்று இடங்களை ஈண்டு நோக்குவோம். பலகையின் நெடுவரிசைகளை வெள்ளைக்கு இடப்புறமிருந்து ஏ முதல் எச் வரை எழுத்துக்களாலும், குறுக்குவரிசைகளை வெள்ளையின் பக்கமிருந்து 1 முதல் 8 வரை எண்களாலும் குறித்தல் மரபு என்பதை மட்டும் படிப்போர் நினைவிற் கொள்க.

முதலிடம் பத்தாம் நகர்த்தல். க்ரஷ் கூறிய யோசனைப்படி கருப்பு இராணி ஈ6 கட்டத்துக்கு வந்தாள். அங்கிருந்து சி4, ஈ4 என்னும் கட்டங்களில் நின்ற வெள்ளைச் சிப்பாய்கள் இரண்டையும் ஒருங்கே நோக்கினாள். கஸ்பரோவ் குதிரையை டி5 இல் ஏற்றினார். பின் அதனைச் சி7 இற் பாய்ச்சி, அரசனையும் ஏ8 மூலை யானையையும் ஒருசேரத் தாக்கி, யானையை வென்றார். இதற்கிடையில் சிப்பாய்கள் இரண்டும் வீழ்ந்தன. பின்னர் அக்குதிரையும் மாண்டது. யானைக்கு ஐந்து, குதிரைக்கு மூன்று, சிப்பாய்க்கு ஒன்று என்பது வழக்கிலுள்ள மதிப்பு. ஆகவே வெள்ளைக்கு ஐந்து வரவு, ஐந்து செலவு. எண் சமமாயிற்று, நிலை சமமாயிற்றா என்பதே வினா. இவ்வினாவுக்கு எண் விடை கூறாது. ஆடினவன் இக்கொடுக்கல் வாங்கலில் எதனை நம்பி இறங்கினான் என்பதை அவனே உரைத்தல் வேண்டும்.

இரண்டாமிடம் ஐம்பதாம் நகர்த்தல். இரு பக்கத்துச் சிப்பாய்களும் கடைசி வரிசை எய்தி இராணிகளாயின. பலகையில் அப்போது எஞ்சியவை அரசர் இருவர், இராணியர் இருவர், வெள்ளைச் சிப்பாய் ஒன்று, கருப்புச் சிப்பாய் இரண்டு, ஆக ஏழு காய்கள். ஏழு காய்கள் உள்ள நிலைகளுக்கெல்லாம் வெற்றியோ சமனோ என்று ஐயமின்றி விடை கூறும் முடிவுப் பட்டியல்களைக் கணினிகள் 2012 இல் நிறைவு செய்தன. 2000 இல் உரை எழுதிய கஸ்பரோவுக்கு அப்பட்டியல் கிட்டவில்லை. இன்று ஒரு பள்ளிச் சிறுவனுக்கும் அது கிட்டும். அங்ஙனமாயின் அவருரை பயனற்றதாயிற்றோ எனின், ஆகவில்லை. பட்டியல் எது சரி என்பதைக் கூறும். ஆடினவன் ஏன் அதனைக் கண்டான், அல்லது ஏன் காணாது விட்டான் என்பதைக் கூறாது.

மூன்றாமிடம் 58 ஆம் நகர்த்தல். உலகத்தார் தம் இராணியை ஈ4 இல் வைத்தனர். அதன்பின் நான்கே நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது. பலகையை மட்டும் கண்டு உரை எழுதுவான், 'இங்கே உலகத்தாரின் சிந்தனை தளர்ந்தது' என்று எழுதிவிடுவான். நடந்ததோ வேறு. க்ரஷ் காட்ட எண்ணிய வழி, இராணியை எஃப்5 இல் வைப்பது. அவருடைய யோசனை உரிய வேளையில் வாக்காளர் முன் வெளிவரவில்லை. பலகையில் தோன்றிய காரியத்துக்குக் காரணம் பலகைக்கு வெளியே இருந்தது. உடனிருந்தோர் எழுதி வையாவிடின் இதனை எக்கணினியும் கண்டு சொல்லாது. உலகத்தார் இணையத்தில் வெளிப்படையாய் நடத்திய கலந்துரையாடலை ஆட்டத்தின்போதே தாம் படித்து வந்ததைக் கஸ்பரோவும் பின்னர் ஒப்புக்கொண்டார். தமக்குப் பெருமை தராத ஒன்றைச் சொன்னதனாலேயே அவர் சொன்ன பிறவும் நம்பத்தக்கனவாகின்றன.

தன்னுரை எப்போதும் இங்ஙனம் நேர்மையாய் இருக்குமெனச் சொல்லுதற்கில்லை. உலக வீரராயிருந்த அலெகைன், 1915 இல் மாஸ்கோவில் தாம் ஆடியதாக ஐந்து இராணிகள் ஒருங்கே பலகையில் நின்ற ஓர் ஆட்டத்தைத் தம் நூலிற் காட்டினார். மெய்யாய் நடந்த ஆட்டம் வேறென்றும், ஐந்து இராணிகளும் அதன் ஆராய்ச்சியிற் பிறந்த ஒரு கிளைவழியில் மட்டும் தோன்றியவை என்றும் பிற்காலத்து ஆராய்ச்சியாளர் காட்டினர். ஆடியிருக்கக்கூடிய அழகிய ஆட்டம், ஆடிய ஆட்டத்தின் இடத்தைக் கவர்ந்துகொண்டது. புகழ் மிக்க ஒருவர்க்கே இவ்விழுக்கு நேருமாயின், என் போன்ற மாணாக்கர்க்கு எத்துணை எளிதில் நேரும்! இதற்குப் பாட்வினிக் என்னும் உருசிய வீரர் ஒரு மருந்து கூறினார்: தன் ஆட்டத்தின் ஆராய்ச்சியைப் பிறர் காண வெளியிடுக, பிறர் குறை கூறுவர் என்னும் அச்சமே ஆராய்வானை நேர்மையில் நிறுத்தும் என்பது அவர் கருத்து. கஸ்பரோவ் இளமையில் அவர் பள்ளியிற் பயின்றவர்.

இனி, இணையத்திற் கடிதவழி ஆடும் நண்பர்கள் தம் ஆட்டத்துக்கு உரை காணும் முறையைச் சுருங்கக் கூறுவேன்.

முதலாவது, கணினியைத் திறக்குமுன் தன் உரையை எழுதி முடித்தல் வேண்டும். விடையைக் கண்டபின் எழுதும் உரையில் 'இதனை நான் முன்னரே ஐயுற்றேன்' என்னும் சொல் தானே வந்து புகும்.

இரண்டாவது, எல்லா நகர்த்தலுக்கும் உரை வேண்டா. ஒவ்வொரு நகர்த்தலுக்கும் எடுத்த காலம் இணையத்திற் பதிவாகியிருக்கும். எங்கே இரண்டு நாள் தயங்கினோம், எங்கே இரண்டு நிமிடத்தில் அனுப்பினோம் என்று பார்த்தால், உரை வேண்டும் இடங்கள் தாமே தெரியும். நெடிது தயங்கிய இடமும், தயங்கவேண்டிய இடத்துத் தயங்காது சென்ற இடமும் உரைக்குரியன.

மூன்றாவது, ஆடிய நகர்த்தலோடு, எண்ணி விலக்கிய நகர்த்தலையும் விலக்கிய காரணத்தோடு எழுதுக. எதிராளியின் கருத்தையும் அவ்வாறே எழுதுக. இயலுமேல் அவரையே வினவுக. பிறர் கூற்றை முற்ற எடுத்துரைத்த பின்னரே மறுத்தல் நல்லுரையாசிரியர் நெறியன்றோ?

நான்காவது, இவையெல்லாம் முடிந்தபின் கணினியை வினவுக. அது கூறும் விடையால் தன் உரையை அழித்தெழுதாது, பாடபேதம் குறிப்பதுபோல் கீழே தனியே குறிக்க. இரண்டும் மாறுபடும் இடந்தோறும் ஒரு வினா எழுப்புக: இந்நல்ல நகர்த்தலை நான் காணவே இல்லையா, கண்டும் அஞ்சி விலக்கினேனா, கண்டு கடைசி வரை எண்ணியும் முடிவு நிலையைத் தவறாய் மதித்தேனா?

இவ்வினாவே முறையின் உயிர். கணினி மூன்றுக்கும் ஒரே எண்ணைக் காட்டும். நோயோ மூன்று, மருந்தும் மூன்று. காணாதவன் காய்கள் சேர்ந்து தாக்கும் வகைகளைப் பயிலல் வேண்டும். அஞ்சினவன் ஒரு வழியைக் கடைசிவரை எண்ணித் துணியப் பழகல் வேண்டும். தவறாய் மதித்தவன் அத்தகைய நிலைகள் வந்த பெரியோர் ஆட்டங்களைக் கற்றல் வேண்டும். டி குரூட் என்னும் ஒல்லாந்து உளநூலார், சதுரங்க வீரர்களைத் தம் எண்ணத்தை வாய்விட்டுச் சொல்லச் செய்து ஆராய்ந்து 1946 இல் ஒரு நூல் வெளியிட்டார். தலைசிறந்த வீரர்கள் மற்றையோரினும் மிகப் பல வழிகளை எண்ணுவாரல்லர்; நல்ல வழியே அவர்க்கு முதலிற் கண்ணிற் படுகின்றது என்பது அவர் கண்டது. ஆகவே ஒருவன் எண்ணும் வழிகளின் தொகையைப் பெருக்குவதால் மட்டும் உயரான். தன் கண் எதனைக் காணத் தவறுகின்றது என்று அறிந்து அதனைத் திருத்துவதாலேயே உயர்வான். அவ்வறிவைத் தருவது அவன் எழுதிய உரை.

கணினியை வினவின் ஒரு நிமிடத்தில் முடியுமன்றோ, இத்துணை உழைப்பு எற்றுக்கு எனச் சிலர் கேட்கலாம். ஒரு செய்யுளுக்குப் பொருள் தேடுவான் உரைநூலைத் திறந்தால் பொருள் உடனே கிடைக்கும். செய்யுளைப் படிக்கும் திறம் கிடையாது. தானே முயன்று பொருள் கண்டு, பின் உரையோடு ஒத்துப் பார்ப்பவனுக்கோ இரண்டும் கிடைக்கும். கணினியின் விடை உலகத்தார் யாவர்க்கும் பொது. நம் எண்ணம் எவ்வழிச் சென்றது, எங்கே நின்றது என்பதை எழுதக்கூடியவர் நாம் ஒருவரே. நாம் எழுதாவிடின் அஃது எங்கும் எழுதப்படாது போம்.