களப்பு வேலைக்கு எந்த ஸ்டீல் கத்தி?

பனிச்சங்கேணியில் தோணி வேலையோ, இறால் பண்ணையோ, பாசிக்குடா ஹோட்டேலில் மெயின்டனன்ஸோ, எங்கே சேர்ந்தாலும் ஒருநாள் சூப்பர்வைசர் கயிறு அறுக்க உங்கள் வில்லுக்கத்தியைக் கேட்பார். விரிக்கும்போது கறள் தெரிந்தால், கருவி பராமரிக்கத் தெரியாத ஆள் என்று அந்த இடத்திலேயே எடைபோட்டுவிடுவார். அடுத்த நிரந்தர வேலை பக்கத்தில் நிற்பவருக்குப் போகும். அதனால் கைப்பிடியின் அழகில் மயங்காமல், ஸ்டீல் எது என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.

1. உப்பைத்தான் முதலில் யோசியுங்கள். உப்பாறு என்றும் சொல்லப்படும் பனிச்சங்கேணிக் களப்பு கடலோடு சேர்கிறது. தண்ணீரிலும் உப்பு, காற்றிலும் உப்பு. ஸ்டெயின்லெஸ் என்று சொல்லக் குறைந்தது 10.5 வீதம் குரோமியம் வேண்டும். அந்த இலக்கத்தை மட்டும் நம்பி ஏமாறாதீர்கள். டி2 ஸ்டீலில் ஏறக்குறைய 12 வீதம் இருக்கிறது. ஆனால் அதிலுள்ள 1.5 வீதக் கார்பன் குரோமியத்தில் ஒரு பங்கைப் பிடித்துக் கார்பைட் ஆக்கிவிடுகிறது. கறளைத் தடுக்க மிஞ்சுவது போதாது. ஸ்டோர்ஸில் அட்டைப்பெட்டி வெட்டுபவருக்கு டி2 அருமை, கூர் நெடுநாள் நிற்கும். தோணிக்கு வேண்டாம். கம்மாலையில் லொறி வில்லுத்தகட்டில் அடித்த கத்தியும் அப்படித்தான்: எளிதில் உடையாது, விலை குறைவு, தோட்டத்துக்கு நல்லது, உப்பில் தாங்காது.

2. நீங்களே தீட்டக்கூடியதை வாங்குங்கள். எஸ்30வி ஸ்டீலில் 4 வீதம் வனேடியம் உண்டு. அதன் கார்பைட் சாதாரணத் தீட்டுக்கல்லைவிடக் கடினமானது, வைரக்கல் கேட்கும். வேலை நடுவே வைரக்கல்லுக்கு எங்கே போவீர்கள்? ரொக்வெல் சி அளவில் 56 முதல் 58 வரை கடினம் உள்ள கத்தி, சாதாரணக் கல்லில் சில நிமிடத்தில் கூர் ஏறும்.

என் முதல் தெரிவு சுவீடனின் 14சி28என். குரோமியம் 14 வீதம், கார்பன் 0.62 வீதம், கறளை எதிர்க்கக் கொஞ்சம் நைட்ரஜனும் சேர்த்திருக்கிறார்கள். கிடைக்காவிட்டால் 440சி. சீனாவின் 8சிஆர்13எம்ஓவி மலிவு. கழுவித் துடைப்பதில் சோம்பல் இல்லாதவர் தாராளமாக வாங்கலாம்.

3. எச்1, எல்சி200என் இரண்டும் கடலுக்கென்றே பேர்போனவை. கார்பனைக் குறைத்து நைட்ரஜன் சேர்த்ததால் உப்புத் தண்ணீரிலும் கறள் பிடிப்பது அபூர்வம். 2021இல் வந்த, லாரின் தோமஸ் வடிவமைத்த மேக்னாகட் கறளையும் தடுக்கும், கூரையும் காக்கும். எல்லாம் விலை கூடியவை. சம்பளம் உயரட்டும், பிறகு பார்க்கலாம்.

4. ஹீட் ட்ரீட்மென்ட் பிழைத்தால் எந்த ஸ்டீலும் உதவாது. பெயருள்ள கம்பனியின் கத்தியையே எடுங்கள். ரகம் குறிக்காமல் வெறும் ‘ஸ்டெயின்லெஸ்’ என்று பொறித்த கத்திக்குக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

5. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, மடிப்புக்குள்ளும் துடைத்துக் காயவையுங்கள். ஈரத் தோலுறையில் போட்டால் விலை உயர்ந்த ஸ்டீலிலும் புள்ளி விழும். இன்டர்வியூவுக்குப் போகும்போது கத்தியை வீட்டில் விட்டுவிடுங்கள்; அதன் இடம் கருவிப்பெட்டி.

இந்த மாதம் ஒரு கத்திதான் வாங்க முடியுமென்றால், 14சி28என் கத்தியொன்றும் ஒரு தீட்டுக்கல்லும் வாங்குங்கள்.