உருக்க முடியாத வானதூதர்

ஒரு சிற்பத்தை உடைத்துவிடலாம், உருக்கியும் விடலாம். ஆனால் அது சொல்லும் செய்தியை அழிக்க இயலுமா? இவ்வினாவுக்கு விடையாக விளங்குகிறது ஜெர்மானியச் சிற்பி எர்ன்ஸ்ட் பார்லாக்கின் வரலாறு.

இளமையும் கலையும்

பார்லாக் 1870ஆம் ஆண்டு ஜனவரி 2ஆம் நாள், வட ஜெர்மனியிலுள்ள வேடல் என்னும் ஊரில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தார். ஹாம்பர்க், டிரெஸ்டன் நகரங்களில் சிற்பக்கலை பயின்றார். ஆயினும் 36 வயது வரை தமக்கென ஒரு தனிவழி அவருக்குப் புலப்படவில்லை. 1906இல் அவர் ரஷ்யா சென்றார். அங்கே கண்ட குடியானவர்களும் பிச்சைக்காரர்களும் அவர் உள்ளத்தைத் தொட்டனர். அதுமுதல் அரசரையும் வீரரையும் விடுத்து, கனத்த ஆடைக்குள் ஒடுங்கி நிற்கும் எளியவர்களையே மரத்தில் செதுக்கலானார். 1910 முதல் கியூஸ்ட்ரோ என்னும் சிறு நகரில் வாழ்ந்தார். அவர் சிறந்த நாடக ஆசிரியருமாவார்.

போரும் மனமாற்றமும்

1914இல் முதல் உலகப்போர் மூண்டபோது, பலரைப் போல் அவரும் அதை வரவேற்றார். சிறிது காலம் படையில் பணியாற்றியபின் அவர் மனம் மாறியது. எனவே, பின்னாளில் அவர் அமைத்த போர் நினைவுச் சின்னங்களில் வெற்றி முழக்கம் இல்லை. 1929இல் மாக்டபர்க் பேராலயத்திற்கு அவர் செய்த மரச் சிற்பத்தில், சிலுவையருகே நிற்கும் வீரர்களுக்குக் கீழே ஓர் எலும்புக்கூடும், துயருறும் ஒரு பெண்ணும் காணப்படுகின்றனர்.

கியூஸ்ட்ரோ பேராலயத்திற்காக 1927இல் அவர் வெண்கலத்தில் ஒரு வானதூதரைப் படைத்தார். அதற்குச் சிறகுகள் இல்லை. கண்களை மூடி, கைகளை மார்பின்மேல் குறுக்காக வைத்து, கூரையிலிருந்து தொங்குகிறது அவ்வுருவம். அதன் முகம், போரில் மகனைப் பறிகொடுத்த பெண் கலைஞர் கேத்தே கோல்விட்ஸின் முகத்தை ஒத்திருக்கிறது.

அழிவும் மீட்பும்

1933இல் ஆட்சிக்கு வந்த நாஜிகளுக்கு, போரைப் புகழாத இச்சிற்பங்கள் பிடிக்கவில்லை. மாக்டபர்க் சிற்பம் 1934இல் அகற்றப்பட்டது. 1937இல் வானதூதரும் இறக்கப்பட்டது. பின்னர் போர்த் தேவைக்காக உருக்கப்பட்டது. அவருடைய படைப்புகளில் 300க்கும் மேற்பட்டவை பறிமுதலாயின. மனமுடைந்த பார்லாக் 1938 அக்டோபர் 24ஆம் நாள் காலமானார்.

ஆனால் வரலாறு அத்துடன் முடியவில்லை. அவருடைய நண்பர்கள் பழைய அச்சிலிருந்து இரகசியமாக மற்றொரு வானதூதரை வார்த்து, ஒரு கிராமத்தில் மறைத்து வைத்தனர். போருக்குப்பின், 1952இல், அது கொலோன் நகரிலுள்ள அந்தோனியார் ஆலயத்தில் தொங்கவிடப்பட்டது. அதிலிருந்து வார்த்த மூன்றாவது உருவம் 1953இல் கியூஸ்ட்ரோவுக்கே திரும்பி வந்தது. அப்போது ஜெர்மனி இரண்டாகப் பிரிந்திருந்தது. எனினும் மேற்கே ஒன்றும் கிழக்கே ஒன்றுமாக, ஒரே முகம் இரு பகுதி மக்களுக்கும் இறந்தோரை நினைவூட்டியது.

மாணவியராகிய நாம் இவ்வரலாற்றிலிருந்து கற்பது யாது? தாம் கொண்ட கருத்து தவறெனக் கண்டபோது அதை மாற்றிக்கொள்ளும் துணிவு பார்லாக்கிடம் இருந்தது. கண்ட உண்மையைக் காப்பாற்றும் துணிவு அவருடைய நண்பர்களிடம் இருந்தது. இவ்விரண்டு துணிவும் நமக்கும் வேண்டும் அல்லவா?