மேலிருந்து கீழாக ஒரு கோயில்

ஒரு கட்டடம் எவ்வாறு எழும்புகிறது என்று கேட்டால், அடித்தளம் இட்டு, கல்மேல் கல் அடுக்கி, இறுதியில் கோபுரம் அமைப்பது என்று நாம் தயங்காமல் விடை கூறுவோம். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிய சிற்பிகளும் நம் நாட்டில் இருந்தார்கள். அவர்களுடைய கைவண்ணத்தைக் காண மகாராட்டிர மாநிலத்துக்குச் செல்லவேண்டும். ஔரங்காபாத் என்று நெடுங்காலம் வழங்கி, 2023ஆம் ஆண்டில் சத்ரபதி சம்பாஜிநகர் என்று பெயர் மாற்றப்பட்ட நகரின் சுற்றுப்புறமே அவ்விடம்.

முதலில் நகரிலேயே உள்ள பீபி கா மக்பாராவைக் காண்போம். மொகலாய மன்னர் ஔரங்கசீப்பின் மனைவி தில்ரஸ் பானு பேகத்தின் கல்லறை மாளிகை இது. 17ஆம் நூற்றாண்டில், தாஜ்மகாலை ஒத்த வடிவில், நாம் அறிந்த முறையிலேயே கட்டப்பட்டது. இதில் ஒரு கல் பழுதுபட்டால் வேறொரு கல்லை அவ்விடத்தில் பொருத்திவிடலாம்.

நகரிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் தௌலதாபாத் கோட்டை இருக்கின்றது. யாதவ மன்னர் காலத்தில் தேவகிரி எனப்பட்ட இவ்விடத்தை முகமது பின் துக்ளக் 1327ஆம் ஆண்டில் தமது தலைநகராக்கினார். பகைவர் ஏற முடியாதபடி இங்குக் குன்றின் பக்கங்களையே செங்குத்தாகச் செதுக்கியுள்ளனர். அகழியும் பாறையில் வெட்டப்பட்டதே. பல கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் பரவி இறுகியதால் உண்டான பாறை இது.

இதே பாறையில் அமைந்ததுதான் நகரிலிருந்து 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள எல்லோரா. இங்கு வரிசையாக 34 குகைகளைப் பார்க்கலாம். முதல் 12 பௌத்தக் குகைகள். அடுத்த 17 இந்துக் குகைகள். கடைசி 5 சமணக் குகைகள். மூன்று சமயத்தாரும் ஒரே மலையில் அடுத்தடுத்துப் பணி செய்திருப்பது நம் சிந்தனைக்கு உரியது.

இவற்றுள் 16ஆம் குகையே புகழ்பெற்ற கயிலாசநாதர் கோயில். 8ஆம் நூற்றாண்டில் இராட்டிரகூட மன்னர் முதலாம் கிருஷ்ணர் காலத்தில் உருவானது. மலையில் மூன்று பக்கமும் ஆழமாகப் பள்ளம் வெட்டி, நடுவில் ஒரு பெரும் பாறையை விட்டுவைத்தார்கள். பின்பு அப்பாறையைச் சிகரத்திலிருந்து கீழ்நோக்கிச் செதுக்கி, ஏறத்தாழ 30 மீட்டர் உயரமுள்ள கோயிலாக்கினார்கள். இம்முறையை நம் தமிழ்நாட்டிலும் கண்கூடாகக் காணலாம். கழுகுமலையில் அதே நூற்றாண்டைச் சேர்ந்த வெட்டுவான் கோயிலில் விமானம் அழகுற முடிந்திருக்க, அடிப்பகுதி மட்டும் முற்றுப்பெறாமல் நிற்கின்றது.

இவ்வாறு செதுக்குவதில் ஓர் இடர் உண்டு. உளி ஓரிடத்தில் அளவுக்கு மீறி இறங்கிவிட்டால், பெயர்ந்த பாறையை மீண்டும் ஒட்டவைக்க இயலாது. ஆகவே, முதல் அடி விழும் முன்பே முழுக் கோயிலும் சிற்பியின் உள்ளத்தில் தோன்றியிருக்க வேண்டும்.

நகரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அஜந்தாவும் பாறையைக் குடைந்த குகைகளே. அங்கே சுவர்களில் மண்சாந்து பூசி, அதன்மேல் புத்தர் வரலாற்றையும் சாதகக் கதைகளையும் தீட்டினார்கள். காட்டில் மறைந்திருந்த இக்குகைகளை 1819ஆம் ஆண்டில் வேட்டைக்கு வந்த ஜான் ஸ்மித் என்னும் ஆங்கிலேய அதிகாரி கண்டார். கண்டதோடு நில்லாமல், 10ஆம் குகையில் தம் பெயரையும் கீறிவைத்தார். பின்னர் இராபர்ட் கில் என்பவர் பல ஆண்டுகள் உழைத்து இவ்வோவியங்களைப் பார்த்து வரைந்த படங்களுள் பெரும்பாலானவை 1866ஆம் ஆண்டில் இலண்டனில் தீக்கிரையாயின. அடுத்து ஜான் கிரிபித்ஸ், பம்பாய் ஓவியப் பள்ளி மாணவர்களைக் கொண்டு வரையச் செய்த படங்களுள் பலவும் 1885ஆம் ஆண்டில் அதே நகரில் எரிந்துபோயின. படிகள் அழிந்தன, மூலச்சுவர் நிற்கின்றது.

அச்சுவருக்கு இன்று பகை யார்? தொட்டுப் பார்க்கும் விரல், பெயர் கீறும் ஆணி, கண்டபடி பாய்ச்சும் ஒளி ஆகியவையே. மாணவியரே, கட்டியதை மீண்டும் கட்டலாம். செதுக்கியதையும் தீட்டியதையும் காப்பாற்ற மட்டுமே முடியும். சுற்றுலா செல்லும்போது கண்ணால் நிறையக் காண்போம், கையைக் கட்டிக்கொள்வோம். நமக்குப் பின் வருவோரும் காணவேண்டும் அல்லவா?