ஈயக்குண்டும் இழையின் ஆழமும்
(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

ஓடும் வள்ளத்தின் பின்னால் போலி இரையை இழுத்துச் சீலா மீன் பிடிப்பது எங்கள் குடும்பத் தொழில். எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். பாய்மங்களின் எதிர்ப்பு விசை பற்றிய பாடம் நடந்தபோது என் மனம் கரும்பலகையை விட்டுத் தங்கூசியின் பின்னே போய்விட்டது. வீட்டார் கைப்பழக்கமாகச் செய்வதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தேன்.

மீன் ஆழத்தில் நின்றால் இரையும் அங்கே போகவேண்டும். அதற்காகவே ஈயம் கட்டுகிறோம். ஏன் ஈயம்? 500 கிராம் ஈயம் கடல்நீரில் 455 கிராமாக நிற்கும். அதே எடையுள்ள கருங்கல்லோ ஏறத்தாழ 300 கிராம்தான். கல் பருமனிலும் பெரியதாகையால் நீரின் எதிர்ப்பும் அதற்கு அதிகம்.

ஆனால் இரையை மேலே தூக்குவது குண்டின் மீதுள்ள எதிர்ப்பு என்று பலரும் நினைப்பது சரியன்று. வள்ளம் நொடிக்கு 1.5 மீட்டர் ஓடும்போது 500 கிராம் குண்டின் மீது விழும் எதிர்ப்பு ஏறத்தாழ 83 கிராம் எடை. 1 மில்லிமீட்டர் தடிப்புள்ள தங்கூசி நீரோட்டத்துக்குக் குறுக்கே நின்றால், எதிர்ப்புக் கெழுவை 1.2 எனக் கொள்ள, ஒவ்வொரு மீட்டருக்கும் 140 கிராம்! குண்டைவிட நூலே பகையாளி.

இதை வைத்து இழையின் வளைவைத் தொகையீடு செய்தேன். (இரையின் இழுவையையும் இழை நெடுக உரசும் உராய்வையும் சேர்க்கவில்லை.) 30 மீட்டர் இழைக்குக் குண்டு 9 மீட்டர் ஆழம் இறங்குகிறது. இழையை 60 மீட்டராக்கினால்? 11 மீட்டர்தான்! கூடுதலாக விட்ட இழை ஏறக்குறையப் படுத்துக்கொண்டே வருகிறது. 30 மீட்டரிலேயே 0.7 மில்லிமீட்டர் இழையைப் போட்டாலும் அதே 11 கிடைக்கும். தடித்த இழையிலேயே ஈயத்தை ஒரு கிலோவாக்கினால் 14. அரைக் கிலோவை மாற்றாமல் வேகத்தைப் பாதியாக்கினாலோ 20 மீட்டர்! எதிர்ப்பு வேகத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதன் விளைவு இது.

"தங்கூசிய விட்டுக்கிட்டே இருக்காத, ஓட்டத்தக் கொறைலே" என்று அப்பா அண்ணனிடம் சொல்வார். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனாலும் ஓட்டத்தை நினைத்தபடி குறைக்க முடியாது. மெதுவாகப் போனால் இரை துள்ளாது. துள்ளாத இரையைச் சீலா திரும்பியும் பாராது. மெல்லிய இழையோ பெரிய மீனுக்கு அறுந்துவிடும். ஆகவே மிஞ்சுவது ஈயத்தைக் கூட்டுவதுதான்.

வட அமெரிக்கப் பேரேரிகளில் இதற்கு வேறு வழி கண்டார்கள். மிச்சிகன் மாநிலம் 1966இல் அங்கே கோஹோ சால்மன் குஞ்சுகளை விட்டது. கோடையில் அம்மீன்கள் குளிர்ந்த ஆழத்துக்கு இறங்கிவிடும். ஆகவே 4, 5 கிலோ குண்டை மெல்லிய எஃகுக் கம்பியில் தனியே இறக்கி, தூண்டில் இழையை அதில் ஒரு கவ்வியால் மாட்டுகிறார்கள். மீன் கடித்ததும் கவ்வி விட்டுவிடும். குண்டு கம்பியிலேயே நின்றுவிட, மீன் மட்டும் இழையில் வரும். எங்கள் வள்ளத்தில் மீனோடு ஈயத்தையும் சேர்த்தே அப்பா கையால் இழுக்கிறார்.